பூசல்: ஊரைக் கூட்டும் குரல்

1. கேள்வி

உட்கட்சிப் பூசல், கோஷ்டிப் பூசல், எல்லைப் பூசல், பங்காளிப் பூசல் என்று நாள்தோறும் செய்தித்தாள்களில் படிக்கிறோம். இவற்றில் எதையும் படிக்கும்போது நம் காதில் சத்தம் கேட்பதில்லை. இரு தரப்பாருக்கு இடையே ஒத்துப்போகவில்லை என்று மட்டும் புரிந்துகொள்கிறோம். கட்சி அலுவலகத்தின் மூடிய அறைக்குள் நடப்பதும் பூசல்தான். ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டிருப்பதும் பூசல்தான். பேச்சு வழக்கில் இச்சொல் அரிது. சண்டை, தகராறு, சச்சரவு என்றுதான் வீட்டிலும் தெருவிலும் சொல்கிறோம். பூசல் ஏறத்தாழ எழுத்துக்கு மட்டுமே உரிய சொல்லாகிவிட்டது.

சங்கப் பாடல்களில் இதே சொல் உரத்து ஒலிக்கிறது. மலைச்சரிவில் சிறுவர்கள் இடுவதும் பூசல், கணவரை இழந்த பெண்கள் மார்பில் அறைந்துகொண்டு எழுப்புவதும் பூசல். ஆநிரை கவர்ந்தவரைத் துரத்தி வருவோரை மறித்து நடத்தும் சண்டையோடும் பூசல் என்னும் பெயர் ஒட்டியிருக்கிறது. விளையாட்டு, போர், இழவு ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தியது? ஒன்றோடொன்று தொடர்பற்ற பல பொருள்கள் ஒரு சொல்லில் வந்து சேர்ந்தனவா, அல்லது அவற்றையெல்லாம் கட்டும் ஒரு கயிறு உண்டா? இக்கட்டுரை ஆராய முயல்வது இதைத்தான்.

என் முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலியின் அளவை வைத்துப் பூசலை வரையறுப்பது போதாது. பிறர் கேட்டு வரவேண்டும், வந்து கூடவேண்டும் என்பதற்காக எழுப்பப்படும் குரலே பூசல். யார் கேட்டார்கள், கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தே அது போராகவோ இழவாகவோ விளையாட்டாகவோ ஆகிறது.

2. இதுவரையான விளக்கம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் உள்ளிட்ட அகராதிகள், பூசல் என்ற சொல்லுக்குப் பேரொலி, ஆரவாரம், பலரறிய வெளிப்படுதல், போர் எனப் பல பொருள்களைத் தருகின்றன. அகராதியின் வேலை பொருள்களை அடுக்குவது. அவை ஏன் ஒரே சொல்லின் கீழ் வந்தன என்று சொல்லும் கடமை அதற்கு இல்லை.

உரையாசிரியர்களின் வழி வேறு. இடத்துக்கு ஏற்ப ‘ஆரவாரம்’ என்றோ ‘போர்’ என்றோ ‘அழுகை’ என்றோ உரை எழுதிவிட்டு மேலே செல்வார்கள். இவற்றின் அடியில், சொல்லாமல் கொள்ளப்பட்ட ஒரு விளக்கம் இருக்கிறது. ஒலிதான் மூலப்பொருள், போரில் ஒலி இருப்பதால் போருக்கும், இழவில் ஒலி இருப்பதால் இழவுக்கும் அது ஆகுபெயராய் விரிந்தது என்பதே அது.

இவ்விளக்கம் தவறன்று, ஆனால் குறையுடையது. தமிழில் ஒலியைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தொல்காப்பிய உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கையும் அரவப் பொருள் தருவனவாக ஒரே நூற்பாவில் தொகுக்கிறது. அழுங்கல் இரக்கத்தையும் கேட்டையும் உணர்த்தும் என்று அடுத்துச் சொல்கிறது. துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் ஆகியவற்றை இசைப்பொருள் கிளவிகள் என்று வேறு வைக்கிறது. ஒலிச்சொற்களை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்த அந்த நூல், உரியியலின் இந்த இரு தொகுப்புகளிலும் பூசலைச் சேர்க்கவில்லை. புறத்திணையியலிலோ அதை இரண்டு துறைகளின் பெயரில் ஆள்கிறது. ஒலி இருக்குமிடமெல்லாம் பெயர் விரியும் என்றால் கம்பலையும் சும்மையும் ஏன் போருக்கும் இழவுக்கும் துறைப்பெயர் ஆகவில்லை? இந்தக் கேள்விக்குப் பொது விளக்கத்தில் விடை இல்லை.

3. வேங்கை மரத்தடியில்

விடை தேடப் போர்க்களத்துக்குப் போகவேண்டியதில்லை. பூப்பறிக்கும் இடத்தில் தொடங்கலாம். நான்கு சங்கப் பனுவல்களில் பூசல் ஒரே காட்சியில் வருகிறது. வேங்கை பூத்திருக்கிறது, பூ வேண்டியவர்கள் மரத்தடியில் நின்று சத்தமிடுகிறார்கள். ‘புலி, புலி’ என்று கூவினால் வேங்கை கிளையைத் தாழ்த்திக் கொடுக்கும் என்பது அக்கால மலைவாழ் மக்களின் நம்பிக்கை. வேங்கை என்பது மரத்துக்கும் புலிக்கும் பொதுப்பெயர். கரும்பாறையில் உதிர்ந்த அதன் மஞ்சள் பூக்கள் புலிவரியாகத் தோன்றுவது சங்கப் புலவர்கள் விரும்பி எடுத்தாண்ட காட்சி. இந்த இரண்டிலிருந்தும் அந்த நம்பிக்கை முளைத்திருக்கலாம்.

குறுந்தொகை 241ஆம் பாடல் கபிலருடையது. கன்றுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்ற சிறுவர்கள் மன்றத்து வேங்கை மலர்ந்திருப்பதைப் பார்க்கிறார்கள். மரத்தில் ஏறாமலே கீழே நின்று குரலெழுப்புகிறார்கள். அது மலைப்பிளவுகளில் எதிரொலிக்கிறது. கபிலர் அதை ‘ஏமப் பூசல்’ என்கிறார்.

மலைபடுகடாமிலும் இதே தொடர் வருகிறது. பெருங்கௌசிகனார் நன்னன் சேய் நன்னனைப் பாடிய இந்த 583 அடிப் பாட்டின் நடுவே மலையில் எழும் ஒலிகளின் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. பாட்டுக்குப் பெயர் தந்ததே அந்த ஒலிகள்தாம். அதில் அடுத்தடுத்து வரும் மூன்று மனிதக் குரல்களைப் பார்க்கவேண்டும். முதலாவது, முள்ளம்பன்றி தாக்கியதால் காயம்பட்ட கானவர் குரல். புலவர் அதை அழுகை என்கிறார். இரண்டாவது, புலி பாய்ந்து கணவர் மார்பில் உண்டான புண் ஆறுவதற்குக் காப்பாகக் கொடிச்சியர் எழுப்பும் குரல், அது பாடல். மூன்றாவது, முதன்முதலாகப் பூத்த வேங்கையின் கீழ் எழும் குரல்; அது பூசல். மூன்றும் ஒரே மலையில் எழுபவை, மூன்றும் உரத்தவை. ஆனாலும் மூன்றுக்கும் மூன்று சொற்கள். உண்மையான புலி உண்டாக்கிய புண்ணுக்குப் பாடலும், இல்லாத புலியைச் சொல்லிக் கூவுவதற்குப் பூசலும் வருகின்றன. ஒலியின் அளவு மட்டும் கணக்கு என்றால் இந்தப் பிரிவினைக்குத் தேவையே இல்லை.

அடுத்த இரண்டும் அகநானூற்றுப் பாடல்கள். பூசலைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று இவை காட்டுகின்றன. 48ஆம் பாடலில் தோழி செவிலித்தாயிடம் நடந்ததைச் சொல்கிறாள். வேங்கைப் பூவுக்காகப் பெண்கள் ‘புலி, புலி’ என்று பூசலிட்டார்கள். மாலை சூடிய இளைஞன் ஒருவன் வில்லும் கையுமாய் வந்து, அம்பைத் தெரிந்து எடுத்துக்கொண்டு, அந்த விலங்கு எப்பக்கம் போயிற்று என்று கேட்கிறான். நாணத்தால் ஒருத்திக்குப் பின் ஒருத்தி மறைகிறார்கள். உங்கள் வாயில் பொய்யும் வருமோ என்று கேட்டுவிட்டு, தலைவியின் கண்களைப் பலமுறை பார்த்துப் போகிறான். தலைவியின் காதல் தொடங்கிய கதை இது.

52ஆம் பாடலில் ஒரு குறமகள் பூ வேண்டிப் பூசலிடுகிறாள். மலைக்குகையில் வாழும், மாட்டைப் பிடிக்கும் வலிய புலிதான் வந்துவிட்டது என்று ஊரார் நினைக்கிறார்கள். சிற்றூர் வெறிச்சோடிப்போக, ஆண்கள் எல்லோரும் இடக்கையில் வில்லைப் பிடித்தபடி இரைந்துகொண்டு புறப்பட்டு வருகிறார்கள்.

பூசலின் முழு இயக்கமும் இங்கே தெரிகிறது. குரல் எழுந்தது, கேட்டவர்கள் அதற்குக் காரணம் ஊகித்தார்கள், கையிலிருந்ததை விட்டுவிட்டு, ஆயுதம் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ‘என்ன சத்தம்?’ என்று ஒருவரும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பொய்க்குரலுக்கே ஊர் இப்படித் திரள்கிறது என்றால், மெய்க்குரலுக்கு வருவது அவ்வூரில் எழுதப்படாத சட்டமாக இருந்திருக்க வேண்டும்.

அடைமொழிகளும் கவனிக்கத்தக்கவை. 52ஆம் பாடல் அந்தப் பூசலை இன்னாத இசையுடையது என்கிறது. குறுந்தொகையும் மலைபடுகடாமும் அதே செயலை ‘ஏமப் பூசல்’ என்கின்றன. ஏமம் என்றால் இன்பம். காவல் என்றும் பொருள் உண்டு. பூப்பறிப்பவர் பக்கம் நின்றால் ஏமம், ஊரில் இருந்து கேட்பவர் பக்கம் நின்றால் இன்னாமை. மகிழ்ச்சியோ அச்சமோ பூசல் என்ற சொல்லுக்குள் இல்லை. கேட்பவரை எழுப்பும் ஆற்றல்தான் அதற்குள் இருக்கிறது.

52ஆம் பாடலுக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. தலைவி தன் பசலையின் காரணத்தைத் தாய்க்கு அறிவிப்பதா வேண்டாமா என்று இரு பக்கமும் எண்ணிப் பார்க்கிறாள். கடைசியில், உயிரே போவதானாலும் இது காமநோய் என்று சொல்லாதே என்று தோழியிடம் கேட்டுக்கொள்கிறாள். பூவுக்காகக் குரல் கொடுத்தவளுக்கு ஊரே ஓடிவருகிறது. உயிர் போகும் நோயுள்ளவளோ குரல் கொடுக்கமாட்டேன் என்கிறாள். மலைநாட்டு வருணனையாக முதலில் படும் அந்தக் காட்சி, பாடலின் உட்பொருளையே தாங்கி நிற்கிறது. பூசல் என்பது துணையை வரவழைக்கும் குரல் என்று கொண்டால்தான் இந்த முரண் கூர்மை பெறும். வெறும் ஆரவாரம் என்று உரை சொல்லிவிட்டால் பாடலின் பாதி கைநழுவிவிடும்.

4. ஆகோளும் பூசல் மாற்றும்

52ஆம் பாடலில் ஊரார் அஞ்சியது மாட்டைக் கொள்ளும் புலியை. மாட்டைக் கொள்ளும் மனிதர்களுக்கும் இதே பூசல்தான் எழுந்திருக்கும். தொல்காப்பியம், ஆநிரை கவர்வதைப் பாடும் வெட்சித் திணையின் துறைகளை வரிசைப்படுத்தும்போது, நிரையைக் கைப்பற்றும் ஆகோளை அடுத்துப் ‘பூசல் மாற்று’ என்பதை வைக்கிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையும் வெட்சிப் படலத்தில் அதே வரிசையைப் பின்பற்றுகிறது. பின்தொடர்ந்து வந்தவர்களைப் பிணங்கள் குவியும்படி வெட்டித் திருப்பியனுப்புவதே அத்துறை என்று அந்நூல் விளக்குகிறது. நச்சினார்க்கினியர் வெட்சித் துறைகளை நிரை கவர்வோர், மீட்போர் ஆகிய இரு சாரார்க்கும் உரியனவாகக் கொண்டு உரை எழுதினார்.

இங்கே பூசல் என்பதற்குப் போர் என்று பொருள் கொள்வது வழக்கம். ஆனால் போருக்குத் தமிழில் போர், அமர், செரு, ஞாட்பு எனப் பல சொற்கள் இருந்தன. இத்துறைக்கு மட்டும் ஏன் பூசல்? ஆநிரை கவர்தல் எப்படி நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கிறது. கவர்ந்தவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு விரைகிறார்கள். ஊரில் குரல் எழுகிறது. அக்குரலைக் கேட்டு ஊர் திரண்டு பின்னால் வருகிறது. கவர்ந்தோருக்கு இப்போது எதிரி அந்தக் குரலின் விளைவு. அதை மறித்துத் திருப்பினால்தான் நிரை அவர்களுடையது. மாற்றப்படுவது பூசல், போர் அதை மாற்றும் வழி.

இந்த வாசிப்புக்கு வெண்பாமாலையின் அடுத்த படலத்திலேயே துணை இருக்கிறது. நிரை கவரப்பட்டதைக் கேட்டவர்கள் செய்துகொண்டிருந்த தொழிலைப் போட்டுவிட்டு விரைந்து கூடுவதே ‘கரந்தை அரவம்’ என்னும் துறை என்று அது வரையறுக்கிறது. கேட்டல், தொழிலை விடுதல், கூடுதல் என்னும் மூன்று படிகளும் அகநானூறு 52இல் கண்டவையே. அகத்தில் விளையாட்டாக நடந்ததும் புறத்தில் உயிர்ப்போராட்டமாக நடந்ததும் ஒரே ஒழுங்கில் நடந்தன.

இந்த ஒழுங்கு புலவர்களின் கற்பனையில் மட்டும் இருந்ததன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழ்-பிராமி நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த ஒருவனுக்கு எடுத்த கல். தொல்காப்பியத்தின் துறைப்பெயரான ஆகோள் என்னும் சொல்லே அக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. காலத்தால் பிற்பட்ட பல்லவர் கால நடுகற்கள் செங்கம் வட்டாரத்தில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து நூலாக்கியது. தொறு, அதாவது ஆநிரை, கவரப்பட்டபோதும் மீட்கப்பட்டபோதும் பட்டவர்களின் பெயர்கள் அக்கற்களில் வரிசையாக வருகின்றன. மலைபடுகடாமின் பாட்டுடைத் தலைவனான நன்னனின் ஊர் செங்கண்மாவும் இதே செங்கம்தான். வேங்கை மரத்தடிப் பூசல் எதிரொலித்த மலைகளின் அடிவாரத்தில்தான், சில நூற்றாண்டுகள் கழித்து, மாட்டுக்காகப் போராடி விழுந்தவர்களுக்குக் கல் நட்டார்கள். குரல் கேட்டு ஓடியவர்கள் அக்கற்களில் இருப்பவர்களில் பலராக இருந்திருக்க வேண்டும்.

5. இழவில் கூடுவோர்

தொல்காப்பியம் காஞ்சித் திணையில் ‘பூசல் மயக்கம்’ என்னும் துறையைச் சொல்கிறது. புகழோடு இறந்துபோன ஒருவனைச் சூழ்ந்த சுற்றத்தார் எழுப்பும் அழுகுரலே அது. வெண்பாமாலையில் ‘பூசன்மயக்கு’ என்று வருகிறது. அங்கே இறந்தவன் இளஞ்சிறுவன், அழுவோர் பெருங்கிளையினர். இரண்டு நூல்களிலும் மாறாமல் இருப்பது ஒன்று: சுற்றம் சூழ்ந்திருத்தல்.

அதே காஞ்சித் திணையில் ஒருவர் தனியே அடையும் தாங்கமுடியாத துன்பமும் வருகிறது. அதற்குத் தொல்காப்பியம் தரும் சொல் பையுள். அந்தத் துன்பம் தாமே அடைந்தது என்பதும் நூற்பாவிலேயே அழுத்தப்படுகிறது. உரியியல் புலம்பு என்னும் சொல்லுக்குத் தனிமை என்று பொருள் சொல்வதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். இன்று நாம் புலம்பல் என்பதையும் அழுகை என்பதையும் கலந்து பேசுகிறோம். அன்றோ தனிமையின் துயரம் புலம்பு, பையுள் ஆகியவற்றின் பக்கமும், கூட்டத்தின் துயரம் பூசலின் பக்கமும் நின்றன.

புறநானூறு 25ஆம் பாடலில், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைக் கல்லாடனார் பாடுகிறார். பகைவரின் மனைவியர் மார்பு கன்ற அறைந்துகொண்டு, தம்மை மறந்து எழுப்பும் குரலை ‘வரையாப் பூசல்’ என்கிறார். வரையா என்றால் அளவுக்குள் அடங்காத என்று பொருள். அங்கே அழுபவள் ஒருத்தியல்லள், பெண்கள் பலர். இறந்தவர் திரும்ப மாட்டார் என்று தெரிந்தும் எழும் குரல் அது. உதவி கேட்கும் குரல் என்று அதைச் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். இழவுக் குரல் இறந்தவரை நோக்கி மட்டும் எழுவதன்று. நம் கிராமங்களில் துக்கத்துக்கு வரும் பெண்கள் தெருமுனையிலேயே குரலெடுத்து அழத் தொடங்குவார்கள். வீட்டுக்குள்ளிருந்து எதிர்க்குரல் எழும். வந்தவர்களும் இருந்தவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பற்றி வட்டமாக அமர்ந்து ஒப்பாரி வைப்பார்கள். அந்தக் குரல் அழைக்கிறது, அதற்கு மறுமொழியும் வருகிறது. தன் துயரத்துக்குச் சாட்சிகளைக் கூட்டுவதும் உதவி கேட்பதுதான்.

6. ஆர்ப்போடு ஓர் ஒப்பீடு

பூசலின் எல்லையை உறுதிசெய்ய, அதற்கு மிக அருகில் நிற்கும் ஆர்ப்பு என்னும் சொல்லோடு வைத்துப் பார்ப்பது பயன்தரும். இதுவும் பலர் எழுப்பும் பேரொலி. அகப்பாடல்களில் ஊரார் தூற்றும் அலர் எவ்வளவு பெரிது என்று சொல்லும்போது புலவர்கள் ஏதேனும் ஒரு வரலாற்று ஆர்ப்பை அளவுகோலாக நிறுத்துகிறார்கள். அகநானூறு 36இல் மதுரை நக்கீரர், தலையாலங்கானத்தில் எழுவரை வென்ற நாளில் வீரர் எழுப்பிய ஆர்ப்பைச் சொல்கிறார். 246இல் பரணர், வெண்ணியில் கரிகாலன் வென்ற நாளில் அழுந்தூரில் எழுந்த ஆர்ப்பைச் சொல்கிறார். குறுந்தொகை 393இல் அவரே, வாகைப் பறந்தலையில் அதிகன் களிற்றோடு விழுந்த நாளில் கொங்கர் எழுப்பிய ஆர்ப்பைச் சொல்கிறார். அகநானூறு 45இல் வெள்ளிவீதியார், திதியனின் காவல்மரமான புன்னையை அன்னி வெட்டிய நாளில் வயிரியர் எழுப்பிய இசையார்ப்பைச் சொல்கிறார்.

நான்கிலும் செயல் முடிந்துவிட்டது. வென்றவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் முடிவைக் கொண்டாடுகிறார்கள். அந்த ஒலி யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அலருக்கு அளவுகோலாக அது பொருந்துவதும் அதனால்தான். அலரும் பெண்ணைப் பற்றிய பேச்சே தவிர அவளுக்குத் துணை தேடும் பேச்சன்று. போர் தொடங்கும்போதும் ஆர்ப்பு எழுவதுண்டு. அங்கும் அது தன் படையின் வலிமையை அறிவிப்பதே. பூசலோ முடிவு தெரியாத நேரத்தின் குரல். கேட்டவர் வந்தால்தான் அது நிறைவுபெறும். ஆர்ப்பை வெற்றியின் மொழி என்றால், பூசலைத் தேவையின் மொழி எனலாம்.

7. வாய்திறவாத பூசல்

இந்த வரையறையைச் சோதிக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது குறுந்தொகை 43, ஔவையார் பாடியது. தலைவன் பிரிந்து போகமாட்டான் என்று தலைவி பொருட்படுத்தாமல் இருந்துவிட்டாள். இவள் ஒப்புக்கொள்ளமாட்டாள் என்று அவன் சொல்லாமல் இருந்துவிட்டான். அந்த இரண்டு பேராண்மைகளும் மோதிய பூசலில் தன் நெஞ்சு பாம்பு கடித்ததுபோல் அலமருகிறது என்கிறாள். இங்கே ஒலியே இல்லை. இருவரும் பேசாததால் விளைந்த துன்பம் இது. போர் என்ற பொருள் நேராகப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆயினும் பேசவேண்டிய நேரத்தில் எழாமல் போன குரல்தான் உள்ளே பூசலாகிறது என்று படிக்கவும் பாடல் இடம்கொடுக்கிறது.

இரண்டாவது, உறுப்புநலன் அழிதல் அதிகாரத்தில் வரும் 1237ஆம் குறள். வாடிய தோளின் பூசலை அந்தக் கொடியவரிடம் போய்ச் சொல்லி நீ பெருமை தேடிக்கொள்வாயா என்று தலைவி தன் நெஞ்சைக் கேட்கிறாள். பரிமேலழகர் இதற்கு ஆரவாரம் என்று உரை கொள்கிறார். மெலிந்த தோள் ஆரவாரம் செய்யாது. அது முறையிடும், வரவேண்டியவரை வரச்சொல்லும். அந்தச் செய்தியைச் சுமந்து செல்லத்தான் நெஞ்சு தூதாகிறது. ஒலி முற்றும் நீங்கிய பிறகும் இக்குறளில் பூசல் பூசலாகவே இருக்கிறது என்றால், அச்சொல்லின் உயிர் ஒலியில் இல்லை, அழைப்பில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வலிய சான்று தேவையில்லை.

எதிர்ச்சான்று இல்லாமல் இல்லை. வெறும் பேரோசை என்ற அளவிலும் பூசல் ஆளப்பட்டிருக்கிறது. அகராதிகள் அப்பொருளை முன்னிறுத்துவதற்குக் காரணமும் உண்டு. அழைப்பு என்ற கூறு எல்லா ஆட்சிகளிலும் சமமாகத் தெரியும் என்பது என் வாதமன்று. விளையாட்டு, போர், இழவு, முறையீடு ஆகிய நான்கையும் ஒருங்கே விளக்க ஒலி மட்டும் போதாது, அழைப்பு போதும் என்பதே என் வாதம். குரலைக் கேட்டு வந்தவர்கள் மோதியதால் பூசல் போரானது. குரலைக் கேட்டு வந்தவர்கள் சேர்ந்து அழுததால் இழவானது. பலரறிய வெளிப்படுதல் என்ற அகராதிப் பொருளும் இந்த வழியில்தான் இயல்பாக அமைகிறது.

8. இன்றைய வழக்கு

கேட்போரை அழைக்கும் குரல் என்ற கருத்து தமிழிலிருந்து போய்விடவில்லை. வேறு சொற்களுக்கு மாறியிருக்கிறது. கூப்பிடுதல் என்பதும் கூப்பாடு என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. ஓர் ஊரின் தொலைவைக் ‘கூப்பிடு தூரம்’ என்று சொல்கிறோம். குரல் கொடுத்தால் ஆள் வரும் தொலைவு என்பது அதன் உட்பொருள். உரக்கக் கத்துபவரைப் பார்த்து ‘ஏன் இப்படி ஊரைக் கூட்டுறே?’ என்கிறோம். பூசல் என்ற சொல்லின் பழைய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உரை எழுத முடியாது. குரலின் வேலை ஊரைக் கூட்டுவது என்பது நம் நாவுக்கு இன்னும் தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கேள்வியின் தொனியைக் கவனிக்கவேண்டும். ஊரைக் கூட்டுவது இன்று ஒரு குற்றச்சாட்டு. பெரும்பாலும் பெண்களைப் பார்த்து வீசப்படுவது. அடிபட்டவள் கத்தினால், அடித்தவனைவிடக் கத்தியவள்மேல் வீட்டாரின் கோபம் திரும்புகிறது. அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமே என்பதே முதல் கவலையாகிறது. ‘குய்யோ முறையோ’ என்பதிலும் இதே வீழ்ச்சி. முறை என்றால் நீதி. முறையோ என்று கூவுவது நீதி கேட்டு முறையிடுவது. இன்றோ ‘குய்யோ முறையோ என்று கூப்பாடு போடாதே’ என்று அதட்டுவதற்கே அத்தொடர் பயன்படுகிறது. நீதி கேட்கும் குரல் தொந்தரவின் பெயராகிவிட்டது.

பூசல் என்ற சொல்லுக்கு நேர்ந்தது வேறு வகை மாற்றம். அதிலிருந்து குரல் போய், இரண்டு தரப்பு மட்டும் எஞ்சியது. பதவிக்காக மோதும் இரு கோஷ்டிகளுக்கு இது பொருந்தும்; தீங்கில்லை. ஒரு குடியிருப்புக்குள் புகுந்து ஒரு கூட்டம் தாக்கியதைச் ‘சாதிப் பூசல்’ என்று எழுதும்போதுதான் தீங்கு. அங்கே இரு தரப்பாரும் சமமாகச் சண்டையிட்டதாகத் தலைப்பு சொல்கிறது. தாக்கியவர் யார், ஓடி ஒளிந்தவர் யார், உதவி கேட்டுக் கூவியவர் யார் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் மறைகின்றன. குடும்பத்துக்குள் ஒருத்தி ஆண்டுக்கணக்கில் வதைபட்டதைக் ‘குடும்பப் பூசல்’ என்று காவல் நிலையத்தில் எழுதி முடிப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. உதவிக்கு எழுந்த குரலின் பெயராக இருந்த சொல், இன்று அக்குரலை மறைக்கும் சொல்லாகியிருக்கிறது.

9. முடிவு

சொற்கள் பொருள் மாறுவது இயல்பு. பழம்பொருளை மீண்டும் வழக்கில் திணிக்க யாராலும் முடியாது. இக்கட்டுரை அதைக் கேட்கவும் இல்லை. கேட்பவை இரண்டே.

ஒன்று, ஆய்வுலகத்திடம். பூசல் வரும் சங்கப் பாடல்களுக்கு ஆரவாரம் என்று ஒரே உரையைத் தந்துவிட்டுக் கடந்துபோகக் கூடாது. எவர் எழுப்பினார், எவர் கேட்டார், கேட்டவர் என்ன செய்தார் என்னும் மூன்று கேள்விகளை ஒவ்வோர் இடத்திலும் கேட்கவேண்டும். அகநானூறு 48உம் 52உம் காட்டுவதுபோல், இக்கேள்விகள் அருஞ்சொற்பொருளோடு நில்லாமல் பாடலின் மையத்துக்கே இட்டுச் செல்கின்றன. புதிய அகராதிகள் ‘பிறர் வந்து கூடுமாறு எழுப்பும் குரல்’ என்பதை இச்சொல்லின் கீழ் ஒரு தனிப்பொருளாகச் சேர்க்கவேண்டும். கபிலரும் மலைபடுகடாமும் அகநானூறும் அதற்குச் சான்று தருகின்றன.

மற்றொன்று, செய்தி எழுதுவோரிடமும் வழக்குப் பதிவு செய்வோரிடமும். ஒரு நிகழ்ச்சியைப் பூசல் என்று எழுதும் முன், அங்கே இரண்டு தரப்பும் சண்டையிட்டதா, அல்லது ஒரு தரப்பு தாக்கி மறுதரப்பு உதவிக்குக் கூவியதா என்று பார்க்கவேண்டும். தாக்குதல் என்றால் தாக்குதல் என்றே எழுதவேண்டும். பூப்பறிக்கும் பெண்ணின் பொய்க்குரலுக்கே வில்லெடுத்துப் புறப்பட்ட ஊர்களைப் பாடிய மொழி இது. அம்மொழியில் எழுதுகிறவர்களுக்கு, கூவியவர் யார் என்று கேட்டு எழுதும் கடமை இருக்கிறது.